இடிப்பதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது எதைப் பற்றி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கணினியின் பயன்கள், வரதட்சணை ஒழிப்பு, இளைஞர் கையில் நாடு ஆகியவை எல்லாம் நம் மலரில் பலமுறை வந்துவிட்டன. நான் சிவில் படிக்கிறேன். கொத்தனார் மகள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்த வீடு இப்போது இல்லை. அதை இடித்தது எங்க அப்பா.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் சென்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த இடம் 1996 டிசம்பரில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. அதை உருவாக்கியவர் டெபோரா தியாகராஜன் அம்மையார். வளாகத்தின் வடிவமைப்பில் கை கொடுத்தவர், குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர் போன லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, நம் ஊர்ச் செங்கல்லின் அருமையை நமக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அங்கே செட்டிநாட்டு வீடு இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு இருக்கிறது. கேரளத்துப் புதுப்பள்ளியில் 1850-ல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு, முழுக்க மரத்தால் ஆனது, பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். கடலோர ஆந்திரத்து வட்ட வடிவ மண் வீடும் உண்டு. புயல் காற்று மோதி நிற்காமல் சுற்றிப் போய்விடட்டும் என்று வட்டமாகக் கட்டுகிற வீடு அது. எல்லோரும் செட்டிநாட்டு வீட்டுத் தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தஞ்சைப் பகுதி விவசாயி வீட்டு வாசலில் நின்றுவிட்டேன்.

திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம். "என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்று தோழி கேட்டாள். "இதே மாதிரி வீட்டை எங்க அப்பா இடிச்சாருடி. நான்தான் செங்கல் எடுத்துக் குடுத்தேன்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற வீடு, எங்க ஊரில் நான்கு நாளில் மண்ணோடு மண்ணாகப் போனது. அதற்கு ஒரு போட்டோகூட இல்லை.

பெரிய வீடு

எங்கள் குடும்பம் முடிச்சூர்ப் பக்கம். இன்று தாம்பரத்தில் இறங்கி முடிச்சூர் சாலையில் போனால் இரண்டு பக்கமும் அடுக்குமாடியும் கடையுமாக இருக்கிறது. ஆனால் எங்க தாத்தா காலத்தில் அது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆள் வந்தது, மனை வந்தது, வயலில் கல் நட்டார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான் கதை. வயல் போன பிறகும் வயல்காரர்கள் வீடு மட்டும் அங்கங்கே நின்றது. அப்படி நின்ற ஒன்றைத்தான் எங்கள் தெருவில் "பெரிய வீடு" என்று சொல்லுவோம்.

அந்த வீட்டுக்கு வாசலில் நான்கு படி. ஏறினால் இரண்டு பக்கமும் திண்ணை. நிலைவாசலைத் தாண்டினால் ஒடுக்கமான ரேழி. அதைத் தாண்டினால் வெளிச்சமான முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், ஒரு மூலையில் நெற்குதிர் இருந்த அறை, அதற்குப் பின்னால் சமையல் கட்டு. புழக்கடையில் கிணறு, மாட்டுத் தொழுவம். மழை பெய்தால் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, ஒரு கல் சால் வழியாகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடும். வெயில் காலத்தில் சூடான காற்று முற்றம் வழியாக மேலே போக, வாசல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். இதைத்தான் நாங்கள் இப்போது "கிராஸ் வென்டிலேஷன்" என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும். எங்க தாத்தா அந்த வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர். கோடையில் வயல் வேலை இல்லாதபோது அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, காரை பெயர்ந்த இடத்தைப் பூசுவது, ஓடு மாற்றுவது எல்லாம் அவர்தான். அப்படித்தான் எங்கள் குடும்பத்துக்குக் கட்டட வேலை வந்தது. ஆனால் அவர் அந்தத் திண்ணையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. புழக்கடை வழியாக வருவார், புழக்கடை வழியாகப் போவார். கூலியும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான். அவர் பூசிய கூடத்துச் சுவரை வேலை முடிந்த பிறகு அவர் பார்த்ததே இல்லை என்று அப்பா சொல்லுவார்.

எங்கள் குடும்பம் அந்தத் திண்ணையில் முதல் முறை உட்கார்ந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் புகுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, பெரிய வீட்டுக்குப் போனோம். எங்களைப் போல இன்னும் ஆறேழு குடும்பம் வந்திருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா கதவைத் திறந்து, "உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் மூன்று படி ஏறியது. நான்காவது படி ஏறவில்லை. தெருவில் சிமெண்டில் கட்டிய புது வீடுகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்தது. அந்தப் பழைய வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

இது அதிர்ஷ்டமா? இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு ஆறும் தெரியும், ஏரியும் தெரியும். தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் வரும் என்று பார்த்த பிறகுதான் அஸ்திவாரத்தை உயர்த்தியிருப்பார்கள். அந்த நான்கு படியின் உயரம் எத்தனை அடி? தெரியவில்லை. யாரும் அளக்கவில்லை.

நான்கு நாள் வேலை

2019 கோடை விடுமுறை. பெரியம்மா காலமான பிறகு வீடு பாகமாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். ஓடு மாற்ற ஆள் இல்லை, மழை ஒழுகுகிறது, கைமரத்தில் கரையான். இடித்துவிட்டு நான்கு பங்குக்கும் சேர்த்து அடுக்குமாடி கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பழைய வீட்டில் குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்று குடியிருப்பவருக்குத்தான் தெரியும். தேள் வரும், பூரான் வரும், ராத்திரியில் புழக்கடைக்குப் போக வேண்டும். இடிப்பு வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. எங்களுக்கும் அந்த மாதம் பணம் தேவையாக இருந்தது. நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மா சித்தாள் வேலைக்கு வர, நானும் கூடப் போய் செங்கல் அடுக்கினேன்.

முதல் நாள் ஓட்டை இறக்கினார்கள். இரண்டாம் நாள் பழைய மரக் கடைக்காரர் வந்து நிலைவாசல், கதவு, தூண், தூலம் எல்லாவற்றையும் விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சுவர். கடப்பாரையை விட்டு நெம்பினால் செங்கல் முழுசு முழுசாக வந்தது. மேலே ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கரணையால் தட்டினால் சுத்தமாக உதிர்ந்துவிடும். அப்பா ஒரு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாரும்மா, நூறு வருஷம் ஆனாலும் கல்லு கல்லாவே இருக்குது. நாங்க கட்டுற வீட்டை நாளைக்கு ஒருத்தன் இடிச்சான்னா ஒரு கல்லுகூட முழுசா வராது. சிமெண்ட்டு கல்லையும் சேத்துப் புடிச்சுக்கும்."

படித்த பிறகுதான் இதன் காரணம் எனக்குப் புரிந்தது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. அதை மணலோடு சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. ஆனால் சிமெண்ட் அளவுக்கு முரட்டுத்தனமாக இறுகாது. சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கொடுத்துக்கொள்ளும். சுவருக்குள் ஈரம் ஏறினால் வெளியே விடும். எங்க தாத்தா கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று அறிந்தவர். அப்பாவுக்கு அதில் பாதிதான் தெரியும். எனக்கு அதன் வேதியியல் சமன்பாடு மட்டும்தான் தெரியும்.

நான்காம் நாள் சாயங்காலம் ரப்பிஷ் லாரி வந்தது. ஐந்தாம் நாள் காலி மனை.

இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீடு

தட்சிணசித்ராவிலிருந்து திரும்பிய வாரத்தில் எங்கள் லெக்சரர் ஒருவர் வகுப்பில் இங்கிலாந்துப் பண்ணை வீடு ஒன்றின் படங்களைக் காட்டினார். (பண்ணை வீடு என்றதும் ஈ.சி.ஆர். ஓரத்தில் நீச்சல் குளத்தோடு இருக்கும் ஃபார்ம் ஹவுஸ் நினைவுக்கு வந்தால் அது என் தப்பில்லை! இது நிஜமாகவே உழுதவன் வீடு.) அதன் பெயர் பேலீஃப். கென்ட் மாவட்டத்தில் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. ஓக் மரச் சட்டங்களை இழைத்துப் பூட்டி, நடுவில் குச்சிப் படல் வைத்து மண் பூசிய சுவர். நடுவில் கூரை வரைக்கும் திறந்த பெரிய கூடம். அடுப்பு அந்தக் கூடத்தின் தரையிலேயே. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிதான். ஒரு பக்கம் தானியமும் பானமும் வைக்கும் அறைகள். மறுபக்கம் வீட்டுக்காரர் படுக்கும் மாடி அறை, அது நூறு வருஷம் கழித்துச் சேர்த்தது.

1960-களின் கடைசியில் அந்தப் பகுதியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். வீடு இருந்த இடம் அதற்குத் தேவைப்பட்டது. நம் ஊராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொரு மரத்தையும் அளந்து, படம் வரைந்து, எண் போட்டு, பிரித்தெடுத்து, சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். அது அரண்மனை இல்லை. மகாராணி பிறந்த வீடு இல்லை. ஒரு விவசாயி வீடு. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. நம் ஊரில் பழைய கட்டடம் என்றால் கோயில், கோட்டை, அரண்மனை என்றுதான் நினைக்கிறோம். உழுதவன் வீடும் வரலாறுதான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நம் தட்சிணசித்ராவும் அதே வேலையைத்தானே செய்திருக்கிறது! இடிக்கவிருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, நம் ஊர் ஆசாரிகளையும் கொத்தனார்களையும் வைத்தே மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஆகவே நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து தொடங்கிய வழக்கம். 1700-க்கு முன்பு கட்டி, ஓரளவு பழைய நிலையில் இருக்கும் வீடு எல்லாம் பட்டியலில் வரும். பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. அதில் பண்ணை வீடும் உண்டு, களஞ்சியமும் உண்டு. மக்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். மாற்றிக் கட்ட வேண்டும் என்றால் அனுமதி கேட்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விதி. 1990-ல் அவர்கள் இயற்றிய சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்க அனுமதி கிடைத்துவிட்டாலும் உடனே இடித்துவிட முடியாது. அதற்கென்று உள்ள அமைப்புக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து அளந்து பதிவு செய்ய குறைந்தது ஒரு மாதம் இடம் கொடுக்க வேண்டும். அதாவது, "இடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களை ஒரு தடவை பார்க்க விடு" என்கிறது அந்தச் சட்டம்.

நம்மிடமும் சட்டங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டுக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது. 2012-ல் மரபுக் கட்டடங்களுக்கான ஆணையம் அமைக்க இன்னொரு சட்டமும் இயற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அவை காக்கப் போவது பெரும்பாலும் பெயர் பெற்ற இடங்களை. மவுண்ட் ரோட்டில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். முடிச்சூர் பெரிய வீட்டுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? போட்டாலும், அந்த நான்கு பங்காளிகளிடம் போய் "நீங்க ஒழுகுற வீட்டிலேயே இருங்க" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆகவே என் கருத்து இதுதான். எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் வேண்டாம். ஆனால் அளக்காமல் எந்தப் பழைய வீட்டையும் இடிக்கக் கூடாது. இடிப்பதற்கு முன் ஒரே ஒரு நாள் கொடுக்க வேண்டும்.

"உங்க தாத்தாவை உள்ளே விடாத வீடுதானே?"

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்த என் வகுப்புத் தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார். "உங்க தாத்தாவைத் திண்ணையில உக்கார விடாத வீடு போனா போவட்டுமே, அதுக்கு ஏன் நீ அழற?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். என் பதில் இது. வரைபடம் பொய் சொல்லாது. அந்த வீட்டின் பிளான் ஒன்று இருந்தால், வாசல் வழி ஒன்று, புழக்கடை வழி ஒன்று என்று இரண்டு வழி இருந்தது அதில் தெரியும். யார் எந்த வழியாக வந்தார்கள் என்று எங்க அப்பா சொன்னதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். வீடு போய்விட்டால் அந்த அநியாயத்துக்கான சாட்சியும் சேர்ந்து போய்விடுகிறது. இன்னொன்று, அந்தச் சுவரில் இருந்த காரை எங்க தாத்தா கை. அது அந்த வீட்டுக்காரர் பெருமை மட்டும் என்று எப்படிச் சொல்வது? உழைத்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவன் வேலையையாவது அளந்து வைக்கலாமே!

அதே நியாயத்தில் இன்னொன்றும் சொல்கிறேன். அளப்பது என்றால் பெரிய வீட்டை மட்டும் அளக்கக் கூடாது. தாத்தா குடியிருந்த மண் சுவர்க் குடிசையையும் அளக்க வேண்டும். பனை ஓலையை எப்படி முடைந்தார்கள், குனிந்து போகிற வாசல் எவ்வளவு உயரம், எத்தனை பேர் படுத்தார்கள் என்பதெல்லாம் வரலாறு இல்லையா? அந்தக் குடிசை பெரிய வீட்டுக்கும் முன்பே போய்விட்டது.

நாம் என்ன செய்யலாம்?

பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். பார்ப்பவர்களுக்குச் சாதாரணக் கல். அவர் அது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று கண்டார். எங்கே கிடைத்தது, எந்த மண்ணில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அதனால்தான் இந்தியாவின் பழைய கற்கால வரலாறே நம் பல்லாவரத்திலிருந்து தொடங்குகிறது. அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தால்? எழுதி வைத்ததுதான் பெரிய வேலை.

நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். நமக்கு டேப் பிடிக்கத் தெரியும். லெவல் எடுக்கத் தெரியும். பிளான், எலிவேஷன், செக்ஷன் போடத் தெரியும். இல்லாத வீட்டுக்குத்தான் மூன்று வருஷமும் படம் போடுகிறோம். இருக்கிற வீட்டுக்கு ஒரு முறை போட்டால் என்ன? ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள்:

முதலாவது, சிவில் இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும், அல்லது நான்கு பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும், தங்கள் ஊரில் உள்ள ஒரு பழைய வீட்டை அளந்து வரைய வேண்டும். வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, தரையிலிருந்து அஸ்திவார மட்டம் எவ்வளவு உயரம் என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டு அதையும் படத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நாளைக்கு முடிச்சூரிலோ செம்பாக்கத்திலோ வீடு கட்டப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு என்ன இருக்க முடியும்?

மூன்றாவது, செங்கல் அளவு, சுவர் கனம், எந்தக் காரை, எந்த மரம், எந்த ஓடு என்று எழுத வேண்டும். கட்டியவர், பழுது பார்த்தவர், குடியிருந்தவர், வேலை செய்தவர் பெயர் தெரிந்தால் அவர்கள் சம்மதத்தோடு அதையும்.

நான்காவது, ஊரில் உள்ள வயதான கொத்தனார், ஆசாரி, மேஸ்திரிகளை நம் கல்லூரிக்கு அழைத்து ஒரு நாள் பேசச் சொல்ல வேண்டும். மேடையில் மாலை போட்டு அனுப்புவதற்காக அல்ல, சுண்ணாம்பு நீற்றிக் காட்டச் சொல்வதற்காக.

ஐந்தாவது, படங்களின் ஒரு பிரதி நம் நூலகத்திலும் ஒரு பிரதி அந்த வீட்டுக்காரரிடமும் இருக்க வேண்டும். சங்கச் சந்தாவில் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. காகிதமும் பஸ் கட்டணமும்தான்.

இதற்கு அரசு உத்தரவு வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். மனசு வேண்டும், ஒரு முப்பது மீட்டர் டேப் வேண்டும்.

முடிவாக

போன மாதம் பெரிய வீட்டின் பிளானை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். வேலை முடிந்து வந்த அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர். ஆனால் வரைபடம் படிப்பதில் அவருக்கு நான் ஈடு கிடையாது. தாளை விளக்கடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"திண்ணை இவ்ளோ ஒடுக்கம் கெடையாதும்மா. வெள்ளத்தன்னிக்கு ஒன்னையும் தம்பியையும் குறுக்கால படுக்க வெச்சோமே, காலு வெளிய வரல. மூணடிக்குக் கொறையாது." பிறகு முற்றத்துத் தூண் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். கூடத்துச் சுவரைக் கனமாக்கச் சொன்னார். "ஒன்றரை அடி செவுரு. கடப்பாரை போட்டவனுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார். நெற்குதிர் அறைக்கு ஜன்னல் இருந்ததா என்று கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. படியின் உயரத்தைக் கேட்டேன். ஒரு படி முக்கால் அடி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, ஒரு அடியே இருக்கும் என்றார். நான்கு படிக்கும் கணக்குப் போட்டால் மூன்று அடிக்கும் நான்கு அடிக்கும் நடுவில் ஒரு அடி வித்தியாசம் வருகிறது. வெள்ளத்தில் ஒரு அடி என்பது எட்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் படத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் பாதி அந்த வீட்டுச் செங்கல்தான். இடித்த கூலியில் ஒரு பங்காக அப்பா கேட்டு வாங்கி வந்தது. பூசுவதற்குப் பணம் சேரவில்லை, அதனால் இன்னும் கல் வெளியே தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அதுதான் அந்த வீட்டைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே அளவு.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அளந்து பார் என்று நான் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் ஒரு பழைய வீடு இருக்கும். அடுத்த வருஷ மலர் வெளிவரும்போது அது இருக்குமா என்று தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டுங்கள். கூட வர ஆள் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள், டேப்போடு நான் வருகிறேன்.

என் கருத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாமாண்டு மாணவி, சிவில் பிரிவு